சாலிவெரில் போ மோந்த்

வேட்டைக்காரர் சங்கத்தின் ஆண்டு விருந்து மாலை ஏழு மணிக்கு. அது எவ்வளவு சிறப்பாக நடந்து முடிந்தது என்பதை அரிஸ்தீத் கூலோன் நாலு மணிக்கே எழுதி, உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டியும் விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சாலிவெரிலிருந்து நகரத்துக்குப் போகும் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. உறையை டிரைவர் ஒக்தாவ் கையில் கொடுத்தால், அவன் அதை நகரத்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 'மாவட்ட மணி' அலுவலகக் கதவில் இருக்கும் பித்தளைத் துவாரத்தில் போடுவான். மறுநாள் காலை பேப்பரில் வந்துவிடும். நடந்த பிறகு எழுதினால் செய்தி ஒரு நாள் பழசாகிவிடும், முன்னாலேயே எழுதிவிட்டால் சுடச்சுட இருக்கும். அரிஸ்தீத் முப்பது வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் வருவதற்கு முன்னால் கேட்டை மூடிப் பழகிய மனிதருக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

தவிர, சாலிவெரில் எதுவும் மாறுவதில்லை. ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில் அதே விழா, அதே மேயர், அதே பேச்சு, அதே வெள்ளை ஒயின். அரிஸ்தீத் போன வருட நோட்டைப் புரட்டுவார், அப்படியே காப்பி அடிப்பார். 'நேற்று' என்று ஆரம்பிப்பதால் தேதி என்ற வம்பும் கிடையாது. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'நேற்று சாலிவெரில் போ மோந்த் திரண்டிருந்தது.'

போ மோந்த் என்றால் பெரிய இடத்து மனிதர்கள், பட்டும் வாசனையுமாகப் பாரிஸ் மாளிகைகளில் உலவுகிறவர்கள். சாலிவெரில் மாளிகை இல்லை. ஆனாலும் ரத்ததானத்துக்கு வந்தவர்கள் போ மோந்த், உருளைக்கிழங்குப் போட்டிக்கு வந்தவர்கள் போ மோந்த், சந்தைத் திடலில் புதுக் கழிவறை திறந்தபோது வரிசையில் நின்றவர்களும் போ மோந்த். ஊர்க்காரர்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் உலகச் செய்தி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டாம் பக்கம் போவார்கள். அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காப்பி உள்ளே இறங்கும்.

டெலிபோன் அடித்தது.

"முஸ்யே கூலோன்? நான் 'மாவட்ட மணி'லேர்ந்து கெர்ப்ரா பேசறேன். இந்தப் புதுக் கட்டடத்துல மெஷின் சத்தம் காதைப் பொளக்குது, அதனால கத்தறேன். கோவம்னு நெனச்சுக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, கோவம்தான்."

மத்மொசெல் கெர்ப்ரா பாரிஸிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கிராமத்துச் செய்திகளுக்கெல்லாம் இனி அவள்தான் பொறுப்பு.

"எங்க அச்சு கோக்கற கோபேர் தாத்தா பழைய பேப்பரையெல்லாம் வருஷவாரியா கட்டி மேஜைக்கு அடியில வெச்சிருக்கார். நேத்து ஒக்காந்து எண்ணினேன். ஒரே வருஷத்துல இருநூத்திப் பன்னெண்டு தடவ 'போ மோந்த்'!"

"நல்ல வார்த்தைதானே மத்மொசெல்?"

"நாய்ங்களுக்கு வெறிநோய் ஊசி போட்டீங்களே, அதுக்குமா?"

"அன்னிக்கு மேயரே வந்திருந்தாரே."

"ஊசிக்கா?"

"நாயைக் கூட்டிக்கிட்டு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "பாருங்க, உங்க ஊர்ச் செய்திப் பத்தி முப்பது வருஷத்துல ஒரு நாளும் காலியா வந்ததில்லன்னு கோபேர் தாத்தா சத்தியம் பண்றார். அதுக்காகத்தான் பொறுத்துக்கறேன். இனிமே அந்த வார்த்த அச்சுல வரக்கூடாது. வந்தா, பத்தி மதாம் வோக்லேனுக்கு. அவங்க வாரா வாரம் விண்ணப்பம் அனுப்பறாங்க. டைப் அடிச்சு!"

மதாம் வோக்லேன் மருந்துக்கடைக்காரரின் மனைவி. இந்தப் பத்திக்காகவே டைப்ரைட்டர் வாங்கியவள்.

அரிஸ்தீத் ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பத்தி இருப்பதால்தான் எந்த விழாவிலும் அவருக்கு முதல் வரிசை, முதல் கிளாஸ், மேயரின் கைகுலுக்கல். அது போய்விட்டால் அவர் வெறும் பழைய கேட் கீப்பர். அந்த ஊரில் இப்போது ரயிலும் கிடையாது.

"மூஞ்சி ஏன்யா இப்படி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டாள் மனைவி மார்த்.

"கெட்டிலை அடுப்புல வையி. உறையைப் பிரிக்கணும்."

ஆவி காட்டி உறையைப் பிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு தான் எழுதியதை முதல் தடவையாகப் படித்தும் பார்த்தார். படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஒனோரே திஸோ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்' என்று இருந்தது. தீயணைப்புப் படையில் எக்காளம் ஊதிய திஸோ ஆகஸ்ட் மாதமே செத்துப்போனார். இவரும்தான் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

திஸோவை அடித்தார். போ மோந்த்தை அடித்தார். 'நேற்று வேட்டைக்காரர் சங்க விருந்துக்குப் பலர் வந்திருந்தனர்' என்று புதிதாக எழுதி, ஓடிப்போய் ஒக்தாவிடம் கொடுத்தார்.

"கவலப்படாத அரிஸ்தீத். எப்பவும் போடற துவாரத்துல போட்டுடறேன்," என்றான் ஒக்தாவ்.

அன்று இரவு விருந்தில் அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நாளைக்குக் காலையில் தெரிந்து உதை வாங்குவதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சங்கத் தலைவர் ப்ரொஸார் கசாப்புக் கடைக்காரர், ஆள் கதவை அடைக்கிற உருவம். அன்றைக்கு வேட்டையில் கிடைத்த ஒரே ஒரு ஒல்லிக் காட்டுப்பன்றியை முப்பத்தெட்டு பேருக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"ப்ரொஸார், நாளைக்கு பேப்பர்ல அந்த வார்த்த இருக்காது."

கத்தி நின்றது. "எந்த வார்த்த?"

"அதான். அதுக்குப் பதிலா 'பலர்'னு போட்டிருக்கேன்."

"பலரா? பலர் சந்தைக்கு வருவாங்க. பலர் ஜெயில்ல இருப்பாங்க. நாய் ஊசிக்குப் போ மோந்த், எனக்குப் பலரா? அப்ப நாங்க நாயைவிட மட்டமா?"

"மேலிடத்து உத்தரவு."

"அரிஸ்தீத், நாளைக்கு அந்த வார்த்த வரலேன்னு வெச்சுக்க, என் கடையில உனக்கு ஒரு எலும்புகூட கிடைக்காது."

காலையில் கதவு இடிபடும் சத்தம் கேட்டு அரிஸ்தீத் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினார். மார்த்தான் கதவைத் திறந்தாள். ப்ரொஸார் உள்ளே வந்து அவரை அப்படியே தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"மேலிடமாவது மண்ணாங்கட்டியாவது! நீ ஆம்பள!"

பேப்பரை நீட்டினார். பன்னிரண்டாம் பக்கம். 'நேற்று சாலிவெரில் போ மோந்த் திரண்டிருந்தது. இரண்டு கொழுத்த காட்டுப்பன்றிகள் மேஜையை அலங்கரித்தன. ஒனோரே திஸோ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.'

அரிஸ்தீத் மூன்று தடவை படித்தார். "நான்... ஒரு பன்றிதானே இருந்துது?"

"ரெண்டு," என்றார் ப்ரொஸார் அழுத்தமாக. "பேப்பர்லயே போட்டிருக்கு."

அரை மணி நேரத்தில் டெலிபோன் வந்தது.

"என்ன முஸ்யே கூலோன், எங்கிட்டயே வெளையாடறீங்களா?"

"மத்மொசெல், எங்கம்மா மேல சத்தியமா நான் அதை எழுதல!"

"அப்ப வேற யாரு எழுதினது? உங்க நடைதானே இது? உலகத்துல வேற எவனாவது இப்படி எழுதுவானா?"

நடை அவருடையதுதான்.

மதியம் வந்தது இன்னொரு ஆள். மதாம் திஸோ, கறுப்பு உடையில், கையில் ஒரு பாட்டில் பிளம் ஜாமோடு வாசலில் நின்றாள்.

"எல்லாரும் அவரை மறந்துட்டாங்க முஸ்யே கூலோன். சங்கத்துல அவர் நாற்காலியக்கூட எடுத்துட்டாங்க. நீங்க மட்டும் மறக்கல. ரெண்டாம் தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்னு எழுதினீங்க பாருங்க... அவர் அப்படித்தான். எப்பவும் ரெண்டாம் தடவ கேப்பார்."

தான் அந்த மனிதரைப் பேனாவால் அடித்துவிட்ட கதையை அரிஸ்தீத் சொல்ல வாயெடுத்தார். ஜாமை வாங்கிக்கொண்டார். அன்றைக்கெல்லாம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஜாம் மட்டும் பிரமாதமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு தீயணைப்புப் படையின் ஒத்திகை. பழைய வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டு ஊர் பார்க்க அணைப்பார்கள். அது காலை பத்து மணிக்கு என்பதால், அரிஸ்தீத் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு எழுத முடிவு செய்தார். நோட்டைத் திறக்கவே இல்லை.

நல்லவேளை திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. கொட்டகை முழுசாக எரிந்தது. காற்று திரும்பி, படைக்குத் தலைவரான மேயர் லாவிஞ்சின் கோழிக்கூடும் எரிந்தது. கோழிகள் சமயோசிதமாகத் தப்பித்து சர்ச்சுக்குள் புகுந்துகொண்டன.

அரிஸ்தீத் வீட்டுக்கு வந்து எழுதினார். 'பதினோரு பேர் வந்திருந்தனர். குழாயில் தண்ணீர் இல்லை. கொட்டகை எரிந்துபோனது.' கடைசியில் இரண்டு வரி சேர்த்தார், அடித்தார், கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறுபடியும் எழுதினார். கூடவே மத்மொசெல் கெர்ப்ராவுக்கு இரண்டு பக்கத்தில் மன்னிப்புக் கடிதம். எல்லாம் ஒரே உறையில், ஒக்தாவ் கையில்.

திங்கட்கிழமை பேப்பரில் வந்தது இது: 'நேற்று சாலிவெரில் போ மோந்த் திரண்டிருந்தது. கூடியிருந்தோர் கைதட்ட, நம் வீரர்கள் பத்தே நிமிடத்தில் தீயை அணைத்தனர். திஸோவின் எக்காளம் கணீரென்று ஒலித்தது.'

மேயரைச் சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் சந்தித்தார் அரிஸ்தீத். மேயர் கையில் பேப்பர், கண்ணில் நீர்.

"அரிஸ்தீத், இந்த உதவிய நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"முஸ்யே லாவிஞ், உங்க கோழிக்கூடு..."

"என்ன கோழிக்கூடு?" என்றார் மேயர், சாம்பலை மிதித்தபடி. "பத்து நிமிஷத்துல அணைச்சுட்டோமே."

டெலிபோனில் மத்மொசெல் கெர்ப்ரா இப்போது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வார்த்த மன்னிப்பாவது கேட்டு எழுதுவீங்கன்னு பாத்தேன்."

"ரெண்டு பக்கம் எழுதி அதே உறையில வெச்சேனே!"

"எங்கிட்ட ஒரு கடுதாசியும் வரல. பத்தி மட்டும் ஜோரா வந்திருக்கு. இப்ப பொய் வேறயா?"

அன்று ராத்திரி படுக்கும்போது மார்த் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்யா, தூக்கத்துல எந்திரிச்சு எழுதி அனுப்புறியா?"

"பஸ்ஸே ஓடாதேடி ராத்திரியில!"

"முப்பது வருஷமா அதையே எழுதின கை. பஸ்ஸுக்கெல்லாம் காத்திருக்காது." பேனாவைக் கொண்டுபோய் மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். இங்க் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான் என்று அரிஸ்தீத் தீர்மானித்தார். எழுதாமலே இருப்பது. எழுதவே இல்லை என்றால் எப்படி அச்சில் வரும்? சகல புனிதர்கள் திருநாள் வந்தது, ஊரே செவந்திப் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அரிஸ்தீத் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் ஒக்தாவ் கையை நீட்டியபோது, "இன்னிக்கு ஒண்ணுமில்ல. இனிமேலும் இல்ல," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

மறுநாள் பேப்பரைத் திறக்க அவருக்குத் தைரியமில்லை. மார்த்தான் உரக்கப் படித்தாள்.

"'நேற்று சாலிவெர் கல்லறைத் தோட்டத்தில் போ மோந்த் திரண்டிருந்தது. ஒனோரே திஸோ தன் தாயின் கல்லறையில் மஞ்சள் செவந்தி வைத்தார்.'" பேப்பரை மெதுவாகக் கீழே வைத்தாள். "அவரே ரெண்டு வரிசை தள்ளிப் படுத்திருக்காரேய்யா!"

அரிஸ்தீத் அதை எடுத்துத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். அவர் எழுதாவிட்டாலும் அவர் எழுதியது வருகிறது! பாதிரியாரிடம் போகலாமா, டாக்டரிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மதாம் திஸோ வந்துவிட்டாள். இந்த முறை இரண்டு பாட்டில்.

"மாமியார் கல்லறையில நேத்து நெஜமாவே மஞ்சள் செவந்தி இருந்துச்சு முஸ்யே கூலோன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "நான்தான் வெச்சேன்னு இத்தன நேரம் நெனச்சிட்டிருந்தேன். இப்ப சந்தேகமா இருக்கு."

அன்று டெலிபோன் அடிக்கவில்லை, தந்தி வந்தது. பதினோராம் தேதி போர்நிறுத்த நாள் விழாவுக்கு மத்மொசெல் கெர்ப்ரா நேரில் வருகிறாள். ஊரார் முன்னிலையில் பத்தியைப் பறித்து மதாம் வோக்லேன் கையில் கொடுக்கப்போகிறாள்.

தந்தியைக் கொண்டுவந்த தபால்காரர் வழியில் ஏழு பேருக்குப் படித்துக் காட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் ஊர் கொதித்தது. தங்களுக்காகப் பத்திரிகையையே எதிர்த்து நின்ற மனிதனை வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து அவமானப்படுத்துவதா? மேயர் அவசரக் கூட்டம் போட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: அதே நாளில், அதே மேடையில், அரிஸ்தீத் கூலோனுக்கு சாலிவெரின் வெண்கலப் பதக்கம், 'கொண்ட சொல்லைக் கைவிடாத வீரத்துக்காக'.

"நான்தான் கைவிட்டுட்டேனே!" என்று மார்த்திடம் புலம்பினார் அரிஸ்தீத்.

"அதை அவங்ககிட்ட சொல்லு."

"சொன்னா ப்ரொஸார் கொன்னுடுவான்."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத."

"சொல்லலேன்னா பத்தி போயிடும்."

"அப்ப செத்துப்போ. எக்காளத்தோட பேப்பர்ல வரலாம்."

பதினோராம் தேதி மேயர் அலுவலகத்துக் கூடத்தில் ஊர் மொத்தமும் இருந்தது. மேஜைமேல் வெள்ளை ஒயின். மேடையில் ஒரு பக்கம் மேயர், கையில் பதக்கம். மறுபக்கம் மத்மொசெல் கெர்ப்ரா, கையில் நீக்கக் கடிதம். குள்ளமான, மூக்குக்கண்ணாடி போட்ட பெண். அவளுக்குப் பின்னால் மதாம் வோக்லேன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். நடுவில் அரிஸ்தீத்.

"முஸ்யே கூலோன், கடைசியா கேக்கறேன்," என்றாள் கெர்ப்ரா. "அத எழுதினது நீங்கதானா? இல்லேன்னு சொல்லுங்க, இந்தக் கடுதாசியக் கிழிச்சுட்டு விசாரிக்கறேன்."

"அவன்தான் எழுதினான்! தைரியமாச் சொல்லுடா!" என்று கத்தினார் ப்ரொஸார்.

இல்லை என்று சொல்லத்தான் அரிஸ்தீத் வாயைத் திறந்தார். அப்போது முதல் வரிசையில் மதாம் திஸோ கண்ணில் பட்டாள். மூன்று பேப்பர் துண்டுகளை அழகாக வெட்டி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பத்தி போனால் போகட்டும்.

"நான்தான் எழுதினேன்," என்றார். "ஒவ்வொரு வார்த்தயும் நான்தான்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. மேயர் பதக்கத்தைக் குத்தினார், கோட்டோடு கொஞ்சம் தோலும் சேர்ந்துகொண்டது. கெர்ப்ரா கடிதத்தை நீட்டினாள். மதாம் வோக்லேன் கையை நீட்டினாள்.

கதவு திறந்தது. ஒக்தாவ் டிரைவர் தொப்பியோடு உள்ளே வந்தான். அவன் பின்னால் வாசனை தூக்கலாக, தலைமுடியைக் கோபுரமாக அடுக்கிய ஒரு பெண்மணி, கையில் ரிப்பன் கட்டிய ஒரு பெரிய காகிதக் கட்டோடு.

"இங்க முஸ்யே கூலோன்ங்கறது யாரு? ஐயோ, உயிரோட இருக்கீங்களா? ரெண்டு வாரமா கடுதாசியே வரலியா, என்னமோ ஏதோன்னு பதறிட்டோம்!"

"நான் உங்களுக்குக் கடுதாசியே போடலியே, மதாம்!" என்றார் அரிஸ்தீத்.

"என்ன இப்படிச் சொல்றீங்க? மார்ச் மாசத்துலேர்ந்து போட்டீங்களே! நகரத்துல ஸ்டேஷன் பக்கத்துல பொம்பளைங்களுக்கு சலூன் வெச்சிருக்கேன். முடி காயறவரைக்கும் ஒருத்தர் படிப்போம், மத்தவங்க கேப்போம். மொதல்ல எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு, தூக்கம் வந்துடும். கடைசியா வந்தது இருக்கே, அந்தத் தீ! அன்னிக்கு அழாத ஆளில்ல."

கெர்ப்ரா கட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மேலே இருந்தது அவளுக்கே எழுதிய மன்னிப்புக் கடிதம். அடுத்த தாளை எடுத்துத் தன்னையறியாமல் உரக்கப் படித்தாள்.

"'பதினோரு பேர் வந்திருந்தனர். குழாயில் தண்ணீர் இல்லை. கொட்டகை எரிந்துபோனது. ஒனோரே திஸோவின் எக்காளம் இந்த வருடம் ஒலிக்கவில்லை. அவர் எப்போதும் நிற்கும் இடத்தை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.'"

மதாம் திஸோ ஜெபப் புத்தகத்தைத் திறந்து அந்த மூன்று துண்டுகளையும் எடுத்து மடியில் வைத்தாள். "அந்தத் தாள எனக்குத் தர முடியுமா மத்மொசெல்?" என்று கேட்டாள்.

கெர்ப்ரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முஸ்யே கூலோன், இதத்தானே நான் கேட்டேன்?" என்றாள். நீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துக்கொண்டே, "அப்ப இத்தன மாசமா எங்க பேப்பர்ல வந்தது எது?"

"போன வருஷத்துது!" என்று பின்னாலிருந்து மார்த் கத்தினாள். "உங்க அச்சு கோக்கற கிழவன் பத்தி காலியாப் போகக்கூடாதுன்னு மேஜைக்கு அடியிலேர்ந்து பழச எடுத்து ரொப்பியிருக்கான்! ரெண்டு பன்றியும் போன வருஷத்துப் பன்றி!"

இதற்குள் ப்ரொஸார் காகிதக் கட்டுக்குள் கையை விட்டு ஒரு தாளை உருவியிருந்தார். "பலர் வந்திருந்தனர்," என்று படித்தார். முகம் பன்றிக்கறி நிறமாயிற்று. "டேய் அரிஸ்தீத், பலரா?" மேயர் ஓசைப்படாமல் பதக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அரிஸ்தீத் தடுக்கவில்லை. அவர் மதாம் திஸோ அந்தத் தாளை மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெர்ப்ரா ஒக்தாவ் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, எங்க ஆபீஸ் மார்ச் மாசமே அந்த எடத்தக் காலி பண்ணிட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் போயிடுச்சு. ஏழு மாசமா சலூன் கதவுல உறையப் போட்டுட்டு வந்திருக்கியே, மேல இருக்கற போர்டக்கூடவா பாக்கல?"

ஒக்தாவ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பாக்காம என்ன மத்மொசெல்? இந்தா பெரிய எழுத்துல 'போ மோந்த்'னு போட்டிருந்துச்சு. நம்ம பேப்பரத் தவிர வேற எவன் அத எழுதப்போறான்?"